யார் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது?

ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றி நம்மவர்கள் யார் பேசினாலும் இரட்டையர் கதையில்தான் தொடங்குகிறார்கள். அண்ணன் ராக்கெட்டில் போகிறான், தம்பி ஊரிலேயே இருக்கிறான். அண்ணன் திரும்பி வரும்போது தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது, அண்ணன் இன்னும் வாலிபனாகவே இருக்கிறான். கேட்பவர்கள் வியந்துபோகிறார்கள், பேசுபவர் அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிடுகிறார். கதையில் தப்பு எதுவும் கிடையாது, கணக்கும் சரிதான். ஆனால் கால நீட்சியை, அதாவது வேகத்தால் கடிகாரம் மெதுவாக ஓடுவதை, புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. முதலில் சொல்லிவிட்டால் 'வேகமாகப் போனால் காலம் மெதுவாக ஓடும்' என்ற ஒற்றை வாக்கியம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. யாருக்கு மெதுவாக, யார் கணக்கில் மெதுவாக என்று கேட்க வேண்டிய கேள்வி அதற்குள் அமுங்கிப்போகிறது.

அந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டவர் என் மனைவியின் தாய்மாமா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் பாதியில் விடமாட்டார். சிங்கப்பூரின் தேக்காவில் சந்தையை ஒட்டிய உணவங்காடியில் காய்கறிப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தே தாரிக் தேநீர் குடிக்கும்போது, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில்தான் அவர் கணக்கெல்லாம். "மாப்ள, ஒண்ணு சொல்லுங்க. ரயில்ல போறவன் கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு பிளாட்பாரத்துல நிக்கிறவன் சொல்றான். ரயில்ல இருக்கிறவன் கணக்குல பிளாட்பாரம்தான் பின்னால ஓடுது, அதனால இவன் கடிகாரம்தான் மெதுவா ஓடுதுன்னு அவன் சொல்றான். ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்லித்தானே ஆகணும்?"

ஆக வேண்டியதில்லை. ஆனால் ஏன் ஆக வேண்டியதில்லை என்பதைச் சொல்லாமல் 'அதுதான் சார்பியல்' என்று முடித்துக்கொள்வது அவரை அவமதிப்பதாகும். வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ராக்கெட்டில் போனவன் திரும்பினான், அதனால் முடுக்கம் வந்தது, அதுதான் வேறுபாடு என்பது. இரட்டையருக்கு அது பொருந்தும். மாமா கேட்ட ரயில் திரும்பவே இல்லை. சீரான வேகத்தில் போகிறது, நிற்கக்கூட இல்லை. அங்கே முடுக்கத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

இந்த விஷயத்தில் எனக்குத் துணைக்கு வருவது சார்பியலை முன்வைத்து ஐன்ஸ்டைன் 1905-ல் எழுதிய கட்டுரையின் வரிசை. கடிகாரம் மெதுவாக ஓடுவது நாலாவது பகுதியில்தான் வருகிறது. முதல் பகுதி முழுவதும் வேறொன்றைப் பற்றியது: ஓரிடத்தில் நடப்பதும் தூரத்தில் இன்னோரிடத்தில் நடப்பதும் 'ஒரே நேரத்தில்' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? ரயில் ஏழு மணிக்கு இங்கே வந்தது என்றால், என் கடிகாரத்தின் சின்ன முள் ஏழைத் தொட்டதும் ரயில் வந்ததும் ஒன்றாக நடந்தன என்று பொருள் என அங்கே விளக்குகிறார். கடிகாரம் பக்கத்திலேயே இருக்கும்வரை சிக்கல் இல்லை, தூரத்து நிகழ்ச்சி என்று வரும்போதுதான் சிக்கல். விண்வெளிப் பயணியைப் பிரெஞ்சு இயற்பியலாளர் லான்ஜெவின் பேச்சுக்குக் கொண்டுவந்தது 1911-ல். இரட்டையர் கதை அதிலிருந்து வளர்ந்ததுதான். கண்டுபிடித்தவர் போட்ட வரிசையை நாம் தலைகீழாக்கிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மலையிலிருந்து இறங்கிய மியூவான்கள்

ரயிலுக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது வெறும் கணக்கு விளையாட்டோ, கடிகாரத்தின் இயந்திரக் கோளாறோ கிடையாது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை ஓரிடத்தில் நின்றால் சராசரியாக 2.2 மைக்ரோ வினாடிதான் உயிரோடு இருக்கும். மைக்ரோ வினாடி என்றால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போக முடியும். அவை பிறப்பதோ பல கிலோமீட்டர் உயரத்தில். ஆனாலும் தரைவரை வந்து சேர்கின்றன. இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக ஒன்றிரண்டு போயிருக்கும்.

1960-களின் தொடக்கத்தில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் மலை உச்சியில், கீழே பிறகு எண்ணிய இடத்தைவிட 1907 மீட்டர் உயரத்தில், ஒளிவேகத்தின் 99.5 விழுக்காட்டை ஒட்டிய வேகத்தில் வரும் மியூவான்களை மட்டும் பொறுக்கி எண்ணினார்கள். மணிக்கு ஏறக்குறைய 560 கிடைத்தன. அதே கருவியைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எண்ணினார்கள். மலையிறங்கும் தூரத்தைக் கடக்க 6.4 மைக்ரோ வினாடி ஆகும் என்பதால், மியூவானின் ஆயுளுக்கு 30-ஐ ஒட்டித்தான் மிஞ்சியிருக்க வேண்டும். வந்தவை 400-க்கும் மேல். அவ்வளவு பேர் பிழைத்திருக்க வேண்டுமென்றால் மியூவானுக்கு அந்தப் பயணத்தில் சுமார் 0.7 மைக்ரோ வினாடிதான் கழிந்திருக்க வேண்டும். நம் நேரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மியூவானின் கணக்கில் அதற்கு ஆயுள் கூடவே இல்லை. அது வழக்கமான 2.2 மைக்ரோ வினாடி ஆயுளோடுதான் இருக்கிறது. அதன் கணக்கில் மலைதான் குறுகிவிட்டது. 1907 மீட்டர் மலை சுமார் 215 மீட்டராகச் சுருங்கி எதிரே ஓடிவருகிறது. நம்முடைய புக்கிட் தீமா குன்றைவிட ஐம்பது மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். அந்தத் தூரம் ஓடி முடிக்க 0.7 மைக்ரோ வினாடி போதும். எத்தனை மியூவான்கள் தரைக்கு வந்தன என்ற எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் சண்டையே வராது. ஏன் வந்தன என்று சொல்லும்போது ஒருவர் காலத்தைச் சொல்கிறார், மற்றவர் தூரத்தைச் சொல்கிறார். அப்படியானால் மியூவானின் கணக்கில் தரையில் இருக்கும் கடிகாரங்கள் எப்படி ஓடின? அவைதான் மெதுவாக ஓடின. மறுபடியும் மாமாவின் கேள்விதான்.

பாசிர் ரிஸிலிருந்து துவாஸுக்கு

நம் கிழக்கு மேற்கு எம்ஆர்டி ரயில் பாதை பாசிர் ரிஸில் தொடங்கித் துவாஸ் லிங்க்கில் முடிகிறது. அதை நேர்க்கோடாக்கி, கணக்கு முழு எண்ணாக வருவதற்காக 54 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒளி இதைக் கடக்க 180 மைக்ரோ வினாடி. நம் ரயில் ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் எங்கும் நிற்காமல் போகிறது. அப்படியானால் பயண நேரம் 300 மைக்ரோ வினாடி. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கடிகாரம், ரயிலில் ஒரு கடிகாரம். ரயில் பாசிர் ரிஸைத் தாண்டும்போது அங்குள்ள கடிகாரமும் ரயில் கடிகாரமும் 0 காட்டுகின்றன. துவாஸைத் தாண்டும்போது துவாஸ் கடிகாரம் 300 காட்டுகிறது, ரயில் கடிகாரம் 240 காட்டுகிறது (0.6 பங்கு வேகத்துக்குச் சார்பியல் கணக்கு தரும் விகிதம் 0.8; காலத்துக்கும் தூரத்துக்கும் அதுதான்). இந்த நாலு எண்களையும் யாரும் மறுக்க முடியாது. இரண்டு கடிகாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒரே படத்தில் பிடித்துவிடலாம். தரைக்காரர் சொல்கிறார்: 300 ஆக வேண்டிய இடத்தில் 240 தான் ஆகியிருக்கிறது, ரயில் கடிகாரம் மெதுவாக ஓடியது.

இப்போது ரயிலில் உட்கார்ந்து பார்ப்போம். பாதை சுருங்கி 43.2 கிலோமீட்டர். துவாஸ் 0.6 பங்கு ஒளிவேகத்தில் எதிரே வருகிறது, வந்து சேர 240 மைக்ரோ வினாடி. சரி, பொருந்துகிறது. ஆனால் ரயில்காரர் கணக்கில் தரைக் கடிகாரங்கள் ஓடுபவை, அதனால் மெதுவானவை. 240 மைக்ரோ வினாடியில் அவை 192 மட்டுமே நகர்ந்திருக்க வேண்டும். துவாஸ் கடிகாரம் ஏன் 300 காட்டுகிறது?

மாமா கேட்ட கேள்வி முழு உருவத்தில் இங்கேதான் நிற்கிறது. காலண்டர் தாளில் 192, 300 என்று எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். "பாக்கி 108 எங்க போச்சு மாப்ள?"

துவாஸ் கடிகாரத்தைச் சரிசெய்தது எப்படி என்று பார்த்தால் அந்த 108 கிடைத்துவிடும். தரைக்காரர்கள் பாதையின் சரிநடுவில் ஒரு விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டார்கள் என்று வைப்போம். ஒளி இரு பக்கமும் 27 கிலோமீட்டர் ஓடி இரு நிலையங்களையும் தொடுகிறது. தொட்டதும் கடிகாரம் 0-லிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு. இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. ரயில்காரர் பார்வையிலோ இரு நிலையங்களும் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. துவாஸ் ஒளியை எதிர்கொண்டு வருகிறது, பாசிர் ரிஸ் ஒளிக்கு முன்னால் விலகி ஓடுகிறது. ஒளியின் வேகம் ரயில்காரருக்கும் அதே வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்தான். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அவருக்கு 21.6 கிலோமீட்டர். துவாஸை ஒளி தொட 45 மைக்ரோ வினாடி. பாசிர் ரிஸைத் துரத்திப் பிடிக்க 180. ஆக, துவாஸ் கடிகாரம் 135 மைக்ரோ வினாடி முந்தியே ஓடத் தொடங்கிவிட்டது. மெதுவாக ஓடும் கடிகாரம் என்பதால் அந்த 135-ல் அது காட்டுவது 0.8 பங்கு, அதாவது 108.

108-ஓடு 192-ஐக் கூட்டினால் 300.

மாமா இதைத் தானே கூட்டிப் பார்த்தார். பிறகு 45, 180, 135 மூன்றையும் மறுபடி வகுத்துப் பார்த்தார். தே ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை. எனக்கு இந்த எண்களை எத்தனை முறை போட்டாலும் அலுப்பதில்லை. ரயில்காரர் கணக்கில் துவாஸ் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் தொடக்கத்திலேயே 108 முன்னால் இருந்தது. தரைக்காரர் கணக்கில் அது மிகச் சரியான கடிகாரம். ஒரு ரயில் கடிகாரத்தை 'மெதுவானது' என்று தீர்ப்புச் சொல்ல அவருக்குத் தூரத்தில் தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்கள் வேண்டியிருந்தன. அந்த இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதை ரயில்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ரயில்காரர் பதிலுக்கு பாசிர் ரிஸ் கடிகாரத்தைச் சோதிக்க நினைத்தால், ரயிலின் முன்பெட்டியில் ஒன்று, பின்பெட்டியில் ஒன்று என்று அவரும் இரண்டு கடிகாரங்களை வைத்தாக வேண்டும். அப்போது தரைக்காரர் எழுந்து 'உங்கள் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லையே' என்பார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் எதிராளியின் ஒரு கடிகாரத்தைத் தன்னுடைய இரண்டோடு ஒப்பிடுகிறார்.

மாமா உடனே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "1982 பொறந்தப்ப நம்ம ஊர்ல அரை மணி நேரம் தள்ளி வெச்சாங்களே, ராத்திரி பதினொன்றரைய பன்னெண்டுன்னு ஆக்கினாங்க. அது மாதிரியா?" மலேசியாவோடு ஒத்துப்போக நாம் செய்த மாற்றம் அது. அருமையான கேள்வி, ஆனால் அந்த மாதிரி கிடையாது. அன்று மாறியது கடிகாரத்தின் முள் மட்டும்தான். பினாங்கில் ஒருவர் தும்மியதும் இங்கே ஒருவர் கதவைத் திறந்ததும் ஒரே நேரத்திலா என்ற கேள்விக்குப் பதில் மாறவில்லை. சார்பியலில் மாறுவது அந்தப் பதிலேதான். முள்ளை எங்கே வைத்தாலும் தரைக்காரருக்கு 'ஆம்', ரயில்காரருக்கு 'இல்லை'.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பல விளக்கங்களில் இது குழம்பிக் கிடக்கிறது. கண்ணால் பார்ப்பது வேறு, கணக்கிட்டு அறிவது வேறு. இரு நிலையக் கடிகாரங்களும் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தன என்று வைத்து, ரயிலின் முன் கண்ணாடி வழியாகத் தொலைநோக்கியில் துவாஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் அது மெதுவாகத் தெரியாது. இரண்டு மடங்கு வேகமாக ஓடுவதாகத் தெரியும், ஏனென்றால் அதிலிருந்து வரும் ஒளியை நாம் எதிர்கொண்டு ஓடுகிறோம். பின்னால் பாசிர் ரிஸ் கடிகாரம் பாதி வேகத்தில் தெரியும். ஒளி வந்து சேர எடுத்த நேரத்தைக் கழித்த பிறகு இரண்டு கடிகாரங்களுக்கும் கிடைப்பது அதே 0.8. கால நீட்சி என்பது அந்தக் கழித்தலுக்குப் பிறகும் மிஞ்சி நிற்பது.

இப்போது இரட்டையரை அழைக்கலாம்

இந்த 108-ஐப் புரிந்துகொண்டவருக்கு இரட்டையர் கதை பத்து நிமிட வேலை. அண்ணன் அதே 0.6 வேகத்தில் 3 ஒளியாண்டு தூரம் போய்த் திரும்புகிறான். தம்பிக்கு 10 ஆண்டு, அண்ணனுக்கு 8. போகும்போது அண்ணன் கணக்கில் தம்பிக்கு 3.2 ஆண்டுதான் கழிந்தது, வரும்போதும் 3.2 தான். நடுவில் 3.6 ஆண்டு காணாமல் போனதே என்றால், போகும் ரயிலும் வரும் ரயிலும் 'இப்போது ஊரில் மணி என்ன' என்பதற்கு வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. அண்ணன் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறான். மாறும் அந்தக் கணத்தில் தம்பிக்குத் திடீரென்று வயதாகவில்லை, அண்ணன் தன் கணக்குப் புத்தகத்தை மாற்றிக்கொண்டான், அவ்வளவே. முடுக்கம் செய்தது இந்த மாற்றத்தை மட்டும்தான்.

விமானத்தில் அடிக்கடி பறப்பவர்களுக்கு வயது மெதுவாக ஏறும் என்ற பேச்சு நம் ஊரில் திருமண விருந்துகளில்கூட எழுவதுண்டு. அதையும் மாமா கேட்காமல் விடவில்லை. ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1971 அக்டோபரில் நாலு சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே சுற்றிய கடிகாரங்கள் தரைக் கடிகாரத்தைவிட 59 நானோ வினாடி (நானோ வினாடி என்றால் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) இழந்தன, மேற்கே சுற்றியவை 273 நானோ வினாடி கூடுதலாக ஓடின. காரணம் பூமியே கிழக்கு நோக்கிச் சுழல்வது. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிங்கப்பூரின் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. சாங்கியிலிருந்து சென்னைக்குப் பறக்கும்போது, பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் நாம் தரையில் நிற்பவரைவிட மெதுவாகத்தான் போகிறோம். உயரத்தில் ஈர்ப்பு குறைவு, அதனாலும் கடிகாரம் வேகமெடுக்கும். இரண்டையும் சேர்த்து என் தோராயக் கணக்கில் போகும்போது 25 நானோ வினாடியை ஒட்டிக் கூடுகிறது, திரும்பும்போது ஒருசில நானோ வினாடி குறைகிறது. ஊருக்குப் போய்வந்தவர் இங்கேயே இருந்தவரைவிடத் துளியிலும் துளி மூத்தவராகத்தான் வருகிறார். எதைச் சார்ந்து வேகம் என்று கேட்காமல் 'வேகமாகப் போனால் இளமை' என்று சொல்வது இங்கேயே தவறிவிடுகிறது.

ஐன்ஸ்டைனே அந்த 1905 கட்டுரையில் நிலநடுக்கோட்டுக் கடிகாரம் துருவத்துக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று எழுதினார். ஈர்ப்பும் காலத்தை மாற்றும் என்பது அப்போது அவருக்கே தெரியாது. பூமி நடுவில் பருத்திருப்பதால் இரண்டு விளைவும் ஈடாகி, கடல்மட்டத்தில் எல்லாக் கடிகாரங்களும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஜிபிஎஸ் துணைக்கோள்களிலும் இந்த இரண்டு விளைவுகளும் எதிரெதிராகவே வேலை செய்கின்றன. வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி இழப்பு, உயரத்தால் 45 மைக்ரோ வினாடி வரவு. மிச்சம் 38-ஐச் சமன்செய்ய, மேலே ஏற்றும் முன்பே கடிகாரத்தை அந்த அளவுக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள். நம் வண்டிகளில் உள்ள புதிய ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியும் அந்தத் துணைக்கோள்களின் உதவியோடுதான் வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது.

மாமாவிடம் கடைசியாக வந்த கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. துவாஸ் கடிகாரம் முதலில் தொடங்கியது என்று ரயில்காரர் சொல்கிறார், இரண்டும் ஒன்றாகத் தொடங்கின என்று தரைக்காரர் சொல்கிறார். மறுபக்கம் போகும் ரயிலில் இருப்பவர் பாசிர் ரிஸ்தான் முதலில் என்பார். "அப்ப யாரோ ஒருத்தன் கணக்குல மகன் பொறந்தப்புறம் அப்பன் பொறந்ததா ஆயிடாதா?" ஆகாது. வரிசை மாறக்கூடிய நிகழ்ச்சிகளுக்கு ஒரு கறாரான வரம்பு உண்டு. பாசிர் ரிஸில் ஒன்றும் துவாஸில் ஒன்றும் நடந்து, தரைக் கணக்கில் இரண்டுக்கும் இடைவெளி 180 மைக்ரோ வினாடிக்குள் இருந்தால்தான் எது முந்தியது என்பதில் பயணிகள் கருத்து வேறுபட முடியும். அந்த அவகாசத்தில் ஒளியால்கூட ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செய்தி கொண்டுபோக முடியாது. ஆகவே அவற்றில் எதுவும் மற்றதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. 180-ஐத் தாண்டிவிட்டால், எந்த ரயிலில் எந்த வேகத்தில் யார் போனாலும் முன்னது முன்னதுதான், பின்னது பின்னதுதான். மகன் பிறப்புக்கு அப்பன் காரணம் என்பதால் அந்த இரண்டும் எப்போதும் இந்த வரம்புக்கு அப்பால்தான் இருக்கும். மாமா 180 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார், ரயில் இரு மடங்கு வேகத்தில் போனால் இந்த எண் மாறுமா என்று கேட்டார். அந்த வேகம் ஒளியைத் தாண்டிவிடும், எந்த ரயிலும் அவ்வளவு வேகத்தில் போக முடியாது என்றேன். அதற்குள் போகும் எந்த ரயிலுக்கும் அந்த 180 மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது தரைக் கணக்கில் இரு நிலையங்களுக்கும் இடையிலான தூரமும் ஒளியின் வேகமும் மட்டும்தான்.